"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் என்ன சொல்வது: ஆசைக்குப் பாடுபவருக்கும் வாசிப்பவருக்கும் கருத்துச் சொல்லும் முறை

மார்கழி பஜனை, மாரியம்மன் பண்டிகை, பள்ளிக் கலைத்திருவிழா, கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி மேடை, கல்யாண மண்டபத்து கரோக்கி என்று தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஆசைக்காகப் பாடுபவர்களுக்கும் வாசிப்பவர்களுக்கும் பஞ்சமே இல்லை. பகலில் மாந்தோப்பு, ஓசூர் கம்பெனி ஷிஃப்ட், பள்ளிக்கூடம். பொழுது சாய்ந்தபின் ஒரு மணி நேரம் பாட்டு. பாடி இறங்கியதும் பக்கத்தில் இருப்பவரிடம் இவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "எப்படி இருந்துச்சு?" கிடைக்கும் பதில் "சூப்பர்", இல்லாவிட்டால் "இன்னும் கொஞ்சம் ப்ராக்டிஸ் பண்ணணும்". இரண்டாலும் பாடியவருக்குப் பைசா பிரயோஜனம் இல்லை. நாளைக் காலையில் சுருதிப் பெட்டியைப் போட்டு உட்கார்ந்தால் எந்த வரியை எடுத்து என்ன செய்வது என்பதை இரண்டுமே சொல்லவில்லை.

இந்தக் கேள்வி யாரிடம் வந்து நிற்கிறதோ அவருக்கானது இந்த வழிகாட்டி. பஜனைக் குழுவை நடத்துபவர், பிள்ளையைப் பாட்டு வகுப்புக்கு அனுப்பும் பெற்றோர், போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் ஆசிரியர், கூடவே பாடும் நண்பர், யாராக இருந்தாலும் சரி. வித்வானாக இருக்கத் தேவையில்லை. ஆனால் நீங்கள் சொல்வதில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: என்ன கேட்டது, எந்த இடத்தில் கேட்டது, காரணம் என்னவாக இருக்கலாம், அதற்கு என்ன பயிற்சி. இதில் ஒன்று குறைந்தாலும் அது வெறும் அபிப்பிராயம்.

பாட்டுக்கு முன்: மூன்று கேள்வி

கேட்காதவரிடம் போய்க் கருத்துச் சொல்ல வேண்டாம். கேட்டவரிடம் முதலில் நீங்கள் மூன்று கேள்வி கேளுங்கள். எதற்காகப் பாடுகிறார்? யாரிடம் கற்கிறார்? இந்தத் தடவை எதைக் கவனிக்கச் சொல்கிறார்?

முதல் கேள்வியின் பதிலை வைத்து நீங்கள் சொல்லப்போவது பாதிக்கு மேல் மாறும். அடுத்த வாரம் போட்டி என்றால் ஒரு வாரத்தில் திருத்தக்கூடியதை மட்டும் சொல்ல வேண்டும்: முதல் வரியை எடுக்கும் விதம், மூச்சு வாங்கும் இடங்கள், முடிப்பு, மைக் பிடிப்பு. கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடும் நெளிவு, சரியில்லை என்று அந்த நேரத்தில் சொன்னால் வரவேண்டியதும் வராமல் போகும். ஆறு மாதம் கழித்து அரங்கேற்றம் என்றால் கமகத்தைத் தாராளமாகத் தொடலாம். வீட்டுப் பூஜையறையில் மனநிறைவுக்குப் பாடுகிற அம்மாவிடம் இரண்டுமே வேண்டாம். எடுக்கும் கட்டை, அதாவது பாடும் சுருதியின் உயரம், அவருக்குச் சௌகரியமாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

இரண்டாவது கேள்வி உங்களைக் காப்பாற்றும். ஒரே கீர்த்தனையை இரண்டு குருமார்கள் இரண்டு விதமாகச் சொல்லிக்கொடுப்பது சர்வ சாதாரணம். சங்கதி (ஒரே வரியைப் பாடும் வேறு வேறு விதம்) மாறும், சொல் விழும் இடம்கூட மாறும். நீங்கள் யூடியூபில் கேட்டதுபோல் இல்லை என்பதால் அது தப்பாகிவிடாது. பாடாந்தர வித்தியாசம் என்று சந்தேகம் வந்தால், "உங்க சார் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தாரா?" என்று கேட்டுவிட்டு அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேட்கும்போது: போன், பேனா, கை

நினைவை நம்பிச் சொல்லும் கருத்து பெரும்பாலும் கடைசி இரண்டு நிமிடத்தைப் பற்றியதாகவே இருக்கும். அனுமதி கேட்டுக்கொண்டு போனில் பதிவு செய்யுங்கள். பாடுபவரிடமிருந்து சுமார் இரண்டு மீட்டர் தள்ளி, நெஞ்சு உயரத்தில், ஸ்பீக்கருக்கு நேர் எதிரே இல்லாமல் வையுங்கள். மிருதங்கத்துக்கோ பம்பைக்கோ பக்கத்தில் வைத்தால் குரல் அமுங்கிவிடும். பெரும்பாலான போன்கள் சத்தம் கூடும்போது தாமாகவே குறைத்தும், குறையும்போது ஏற்றியும் பதிவு செய்கின்றன. அதனால் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைப் பதிவை வைத்து எடை போடாதீர்கள். சுருதியையும் தாளத்தையும் தாராளமாகப் பார்க்கலாம்.

முதல் தடவை எதையும் எழுதாமல் கேளுங்கள். எந்த இடத்தில் உங்கள் கவனம் கலைந்தது, எந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள் என்பது மட்டும் மனதில் இருந்தால் போதும். பிறகு பதிவைப் போட்டு, இடத்தோடு எழுதுங்கள். "அனுபல்லவி இரண்டாம் வரி, 1:40, சுருதி கீழே" என்று எழுதினால் அந்த நொடியைத் திரும்பப் போட்டுக் காட்ட முடியும். "அங்கங்கே சுருதி சேரவில்லை" என்று எழுதியதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

நேரில் கேட்கும்போது முகத்தைவிடப் பாடுபவரின் கையைப் பாருங்கள். தாளம் போடும் கை எந்த வரியில் தயங்குகிறதோ, மடியில் அப்படியே நின்றுவிடுகிறதோ, அந்த வரி இன்னும் பாடமாகவில்லை. குரல் எப்படியோ சமாளித்துக் கடந்துவிடும். கை காட்டிக்கொடுத்துவிடும்.

சுருதி: மூன்று விதமாக விலகும், மூன்றுக்கும் மருந்து வேறு

"சுருதி சேரல" என்று எல்லோருமே சொல்லிவிடலாம். எப்படிச் சேரவில்லை என்பதில்தான் உங்கள் வேலை இருக்கிறது.

பாட்டு முழுக்க ஒரே அளவு விலகி இருந்தால், பாடியவருக்குச் சுருதியே கேட்டிருக்காது. தகரக் கொட்டகையிலும் கல்யாண மண்டபத்திலும் இது அடிக்கடி நடக்கும். குரலில் குறை தேட வேண்டாம். சுருதிப் பெட்டியை அல்லது தம்பூரா ஆப் ஓடும் போனைக் காதுக்குப் பின்னால், ஒரு மீட்டருக்குள் வைக்கச் சொல்லுங்கள்.

தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக இறங்கினால், சுருதியே இல்லாமல் பாடும் பழக்கம் காரணமாக இருக்கலாம். விடியற்காலை வீதி பஜனையில் இது சகஜம். இதை அளந்துவிடலாம். ட்யூனர் ஆப் ஒன்றில் முதல் பாட்டின் சட்ஜமத்தையும் (ச) கடைசிப் பாட்டின் சட்ஜமத்தையும் பாருங்கள். ட்யூனர் காட்டும் அளவு சென்ட், நூறு சென்ட் என்பது அரைக் கட்டை. பத்துப் பதினைந்து சென்ட் ஆட்டம் மனிதக் குரலுக்கு இயல்பு, அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். ஐம்பதைத் தாண்டினால் ஆர்மோனியக்காரரின் முகமே சொல்லிவிடும். நீட்டி நிற்கும் ச, ப ஆகிய இடங்களில் மட்டும் அளக்க வேண்டும். கமகம் வரும் ஸ்வரத்தில் முள் ஆடிக்கொண்டேதான் இருக்கும். அதைப் பார்த்துத் தப்புக் கண்டுபிடிப்பது பாவம்.

மூன்றாவது வகை, ஒரே ஒரு இடத்தில் மட்டும் இறங்குவது. பெரும்பாலும் சரணத்தில் மேல் சட்ஜமம் வரும் வரி. இங்கேதான் கொஞ்சம் பொறுமை வேண்டும், ஏனென்றால் காரணம் மூன்றில் ஏதாவது ஒன்றாக இருக்கும். பாடியவரை உட்கார வைத்து இப்படிச் சோதியுங்கள். அந்த வரியை மட்டும், முன்வரி இல்லாமல், நிறைய மூச்சு வாங்கிக்கொண்டு பாடச் சொல்லுங்கள். சரியாக வந்துவிட்டால் பிரச்சினை மூச்சு. முன்வரியில் எங்கே மூச்சு வாங்கலாம் என்று இருவரும் சேர்ந்து குறித்துக்கொள்ளுங்கள். அப்படியும் இறங்கினால் சுருதியை அரைக் கட்டை குறைத்துப் பாடச் சொல்லுங்கள். இப்போது சரியாக வந்தால் அவர் எடுத்த கட்டை அவருக்கு அதிகம். அப்போதும் இறங்கினால் அந்த ஸ்வரம் இன்னும் காதில் விழவில்லை என்று அர்த்தம். ஆர்மோனியத்தில் அந்த ஸ்வரத்தை அழுத்திப் பிடித்து, அதோடு 'ஆ' என்று அகாரத்தில் எட்டு எண்ணிக்கை நிற்கும் பயிற்சி, காலையில் பத்து நிமிடம்.

மூன்று காரணத்துக்கும் வெளியே கேட்பது ஒன்றுதான். சோதிக்காமல் "மேல் ஸ்தாயி பழகணும்" என்று சொல்லி அனுப்பினால், மூச்சுப் பிரச்சினை உள்ளவர் தொண்டையை இறுக்கிக் கத்திப் பழகிவிடுவார்.

கட்டை பற்றி ஒரு வார்த்தை. ஒரு கட்டை கீபோர்டில் சி. ஐந்து கட்டை ஜி. ஆண்கள் ஒன்று, ஒன்றரை, இரண்டு கட்டையிலும் பெண்கள் நாலரையிலிருந்து ஆறு வரையிலும் பாடுவதே அதிகம். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் கருப்புக் கட்டை இல்லை, ஆகவே மூன்றரை என்று தனியாக எதுவும் கிடையாது. "நாலுல பாடுறேன், அரை குறைச்சுக்கறேன்" என்பவர் போய் நிற்கும் இடம் மூன்று. கரோக்கிப் பாடகரிடம் இதைக் கட்டாயம் பேசுங்கள். சினிமாப் பாட்டின் அசல் ஸ்கேல் அதைப் பாடிய தொழில்முறைப் பாடகருக்கு அமைத்தது. ட்ராக்கை ஆப்பில் இரண்டு படி இறக்கினாலே பலருக்குப் பாதிக் குறை காணாமல் போகும்.

தாளம்: கடிகாரம் வைத்துக் கேளுங்கள்

வேகம் கூடுவதுதான் பழகுபவர்களிடம் மிகுதியாக வரும் குறை. "ஓடுது" என்று சொன்னால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், மேடையில் இருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. அதனால் ஸ்டாப்வாட்சை எடுங்கள். ஆதி தாளம் என்றால் தொடக்கத்தில் ஒரு ஆவர்த்தனத்துக்கு, அதாவது எட்டு எண்ணிக்கைக்கு, எத்தனை நொடி என்று குறியுங்கள். கடைசி ஆவர்த்தனத்தையும் குறியுங்கள். முதலில் எட்டு நொடி, கடைசியில் ஆறரை நொடி என்றால் வேகம் கிட்டத்தட்ட கால் பங்கு கூடியிருக்கிறது. இந்த இரண்டு எண்ணைச் சொன்னால் வாக்குவாதமே வராது.

அடுத்து, வேகத்தைக் கூட்டியது யார்? பாட்டும் மிருதங்கமும் சேர்ந்து ஓடினால் இருவரும் ஒருவரையொருவர் காட்டுவார்கள். பதிவைத் திரும்பப் போட்டு, வேகம் மாறிய இடத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்று பாருங்கள். தீர்மானம் (ஒரு பகுதியை முடித்துக் காட்டும் மிருதங்கக் கோவை) முடிந்ததும் மாறியிருந்தால் மிருதங்கக்காரர் தீர்மானத்தை அவசரமாக முடித்திருப்பார். வரி முடிந்து அடுத்த வரி எடுக்கும்போது மாறியிருந்தால், பாடுபவர் மூச்சு வாங்கும் இடைவெளியை விழுங்கியிருப்பார். முன்னவருக்கு, தீர்மானத்தைக் கையால் வாசிக்காமல் வாயால் சொல்லித் தாளம் போடும் பயிற்சி. பின்னவருக்கு, மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-ல் வைத்து அந்த இரண்டு வரியை மட்டும் பாடும் பயிற்சி. 60 என்றால் ஆதி தாள ஆவர்த்தனம் ஒன்று சரியாக எட்டு நொடி. அதில் மூன்று தடவை பிசகாமல் வந்தபிறகு 66-க்குப் போகலாம்.

எடுப்பு, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம், தவறுவது இன்னொரு வகை. பாட்டு அரை இடம் தள்ளி எடுக்க வேண்டியது. புதியவர் தட்டிலேயே எடுத்துவிடுவார், அல்லது பயந்து ஒரு எண்ணிக்கை தாமதிப்பார். இதற்கு முழுப் பாட்டையும் பத்துத் தடவை பாடுவது தண்டம். நாலு ஆவர்த்தனம் வெறும் தாளம் போட்டு, ஒவ்வொரு ஆவர்த்தனத்திலும் எடுப்புச் சொல்லை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. அவசரத்தில் நடுவிரலோடு நிற்காமல் ஆள்காட்டி விரலையும் எண்ணிவிடுபவர்கள் உண்டு. அங்கே எட்டு ஒன்பதாகிவிடும்.

பஜனையில் நாமாவளி முடியும் தறுவாயில் வேகத்தைக் கூட்டுவது சம்பிரதாயம். ஜால்ராவும் கைத்தட்டலும் ஏறும், ஏற வேண்டும். அதைப் போய் ஸ்டாப்வாட்சில் பிடித்துக் குறை சொன்னால் ஊரில் உங்களை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

ராகமும் சொல்லும்

ராகத்தில் உங்களுக்குப் பழக்கம் இருந்தால் மட்டும் ஸ்வரப் பெயர் சொல்லுங்கள். மோகனத்தில் மத்திமமும் (ம) நிஷாதமும் (நி) கிடையாது. பஞ்சமத்திலிருந்து (ப) காந்தாரத்துக்கு (க) வழுக்கிக்கொண்டு இறங்கும்போது நடுவில் மத்திமம் தொட்டுவிடும். சிவரஞ்சனியில் வேறு தொல்லை. மோகனத்துக்கும் அதற்கும் ஸ்வரத்தில் வித்தியாசம் காந்தாரம் ஒன்றுதான். மோகனத்தில் அந்தர காந்தாரம், சிவரஞ்சனியில் அதற்கு அரைக் கட்டை கீழே உள்ள சாதாரண காந்தாரம். குரல் சற்று ஏறினாலும் சோகமான பாட்டு திடீரென்று சந்தோஷமாகிவிடும். மாயாமாளவகௌளையில் சரளி வரிசை பாடும் பிள்ளைக்கு ரிஷபம் (ரி) மேலே போகும். சுத்த ரிஷபம் சட்ஜமத்தை ஒட்டியே உட்காரும் ஸ்வரம். ஒரு கட்டையில் பாடினால் ஆர்மோனியத்தில் சட்ஜமத்தின் வெள்ளைக் கட்டைக்கு அடுத்த கருப்புக் கட்டை. அதை அழுத்திக் காட்டினால் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

பழக்கம் இல்லை என்றால், "இந்த வரியில ராகம் மாறுன மாதிரி எனக்குக் கேட்டுச்சு, உங்க டீச்சர்கிட்ட ஒரு தடவ பாடிக் காட்டுங்க" என்பது நேர்மையான பதில்.

சொல்லைப் பற்றிப் பேச எல்லோருக்கும் தகுதி உண்டு. மூச்சு எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். "மாமயில் ஏறி" என்று வரும் இடத்தில் "மாம" என்று நிறுத்தி மூச்சு வாங்கி "யிலேறி" என்று தொடர்ந்தால் அர்த்தம் கெட்டுவிடும். அடுத்தது ல, ள, ழ. தெலுங்குக் கீர்த்தனையானால் இந்த மாவட்டங்களில் ஒரு வசதி இருக்கிறது. ஓசூர், பர்கூர், வேப்பனப்பள்ளி பக்கம் தெலுங்கை வீட்டில் பேசுபவர்கள் நிறையப் பேர். அவர்களில் ஒருவரைச் சாகித்தியத்தை, அதாவது பாட்டின் சொற்களை, பாட்டாக இல்லாமல் வசனமாக வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து கொடுங்கள். புரந்தரதாசரின் கன்னடப் பாட்டுக்குத் தேன்கனிக்கோட்டைப் பக்கம் இதேபோல் ஆள் கிடைப்பார்.

குற்றம் மைக்கிலா, தோலிலா, குளிரிலா?

ஆளைக் குறை சொல்லும்முன் கருவியைப் பாருங்கள். மைக் வாயிலிருந்து நாலு விரல் தள்ளி, சற்றே சாய்ந்து இருக்க வேண்டும். உதட்டை ஒட்டிப் பிடித்தால் கட்டைக் குரலாகிப் பகரத்துக்கெல்லாம் 'டப் டப்' என்று அடிக்கும். ஒரு சாண் தள்ளினால் குரல் மெலியும். மைக்கின் வலைத்தலையைக் கைக்குள் பொத்திப் பிடித்தால் அது எல்லாப் பக்கச் சத்தத்தையும் இழுத்துக் 'கீ' என்று கத்தும். எக்கோவை ஏற்றிவிட்டால் தாளம் தவறியது பாடியவருக்கே தெரியாது.

கீபோர்டு வாசிப்பவர் ஒரு கட்டை தள்ளி வாசித்தால் ட்ரான்ஸ்போஸ் பட்டன் போன பாட்டில் வைத்தபடியே இருக்கிறதா என்று பாருங்கள். வயலின் பிடிப்பில்லாமல் மெலிந்து கேட்டால் வில்லில் ரோசின் போதவில்லை, அல்லது வில் குதிரையை (தந்தியைத் தாங்கும் கட்டையை) விட்டு விரல்பலகைப் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் ஒட்டிய ரவைப் பசை காய்ந்தால் 'கும்' என்ற ஒலி போய்விடும்.

மார்கழி விடியலில் ஓசூர், தளி பக்கத்துக் குளிர் குரலையும் கருவியையும் விடாது. புல்லாங்குழல் குளிர்ந்திருந்தால் சுருதி கீழே நிற்கும். சில நிமிடம் ஊதிச் சூடேற்றினால் ஏறும். ஈரக் காற்றில் தோல் தளர்ந்து மிருதங்கம் இறங்கும். பறையை நெருப்பில் காய்ச்சி எடுப்பது இதனால்தான். குரலுக்கும் பத்து, பதினைந்து நிமிடம் மந்திர (கீழ்) ஸ்தாயியில் முனகிச் சூடேற்றல் வேண்டும். திருப்பாவை முதல் பாட்டில் குரல் கரகரத்து மூன்றாவது பாட்டில் தெளிந்துவிட்டால், சொல்ல வேண்டியது "கால் மணி நேரம் முன்னாடி வாங்க" என்பது மட்டுமே.

சொல்லும் நேரம், சொல்லும் விதம்

மேடையிலிருந்து இறங்கியவுடன் விமர்சனம் வேண்டாம். அப்போது அவர் காதில் எதுவும் ஏறாது, ஏறினால் காயமாகத்தான் ஏறும். அந்த நேரத்தில் உண்மையான ஒரு வரி போதும்: "பல்லவி எடுத்த விதம் நல்லா இருந்துச்சு. மத்ததை நாளைக்கு உக்காந்து பேசலாம்." மறுநாள், தனியாக, பதிவைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

நீங்கள் பத்துக் குறை எழுதி வைத்திருக்கலாம். சொல்வது இரண்டு, அதிகபட்சம். எந்த இரண்டு? மற்றவற்றுக்குக் காரணமாக இருப்பவை. மூச்சு போதாததால் சுருதி இறங்குகிறது, சொல் உடைகிறது, எடுப்பு தாமதிக்கிறது என்றால் மூன்று குறை இல்லை, ஒன்றுதான். மூச்சைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

ஒரு மாதிரி இதோ. பாடியது பதினான்கு வயதுப் பெண், சொல்வது பஜனைக் குழுவின் அக்கா:

"பாப்பா, பல்லவிய மொதல் தடவ எடுத்தப்ப சுருதியில நச்சுன்னு உக்காந்துச்சு. அத அப்படியே வெச்சுக்கோ. சரணத்துல மேல போற வரி இருக்குல்ல, அங்க மட்டும் கொஞ்சம் கீழ நின்னுச்சு. இந்தா, கேளு. அதுக்கு முன்னாடி நீ மூச்சு வாங்குனியா?"

"இல்லக்கா, வாங்குனா தாளம் போயிரும்னு பயந்துட்டேன்."

"சரி. முன்வரி முடியுற எடத்துல அரை எண்ணிக்கை இருக்கு பாரு, அங்க வாங்கலாம். இந்த ரெண்டு வரிய மட்டும் தினம் அஞ்சு தடவ பாடு. வியாழக்கெழம எனக்குப் பாடிக் காட்டு."

காரணத்தை அந்த அக்கா கேள்வியாகக் கேட்டதைக் கவனியுங்கள். தொண்டை வலி, செருப்புக் கடித்தது, மேடை விளக்கு கண்ணில் அடித்தது என்று நீங்கள் நினைத்தே பார்க்காத பதிலும் வரலாம். பாராட்டிலும் இடம் குறிப்பிட வேண்டும். "குரல் அருமை" என்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பொய்யாகப் பாராட்டிவிட்டு அடுத்து குறை சொல்வதைக் குழந்தைகள்கூடக் கண்டுபிடித்துவிடும்.

"அபஸ்வரம்", "உனக்குச் சாரீரமே இல்ல", "எதிர்வீட்டுப் பொண்ணு எவ்வளவு நல்லாப் பாடுது", மூன்றையும் வாயில் எடுக்கக் கூடாது. கிண்டலாகப் புகழ்வதும் அப்படியே. தகடூர் (இன்றைய தர்மபுரி) அதியமானுக்காகத் தூது போன ஔவை, தொண்டைமானின் ஆயுதங்கள் மயிற்பீலி சூடி நெய் பூசிப் பளபளவென்று இருக்கின்றன, அதியமானுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று புகழ்வதுபோலக் குத்தியது எதிரி அரசனிடம். இந்த மண்ணின் சொத்துதான் அந்தச் சாமர்த்தியம், ஆனால் பாட்டுப் பழகும் பிள்ளையிடம் எடுக்க வேண்டாம்.

வயதில் பெரியவரிடம் நேராகக் குறை சொல்ல வாய் வராது, வரவும் வேண்டாம். "மாமா, இந்த எடத்துல தாளம் எப்படி எண்ணுறீங்க, ஒரு தடவ போட்டுக் காட்டுங்களேன்" என்று கேளுங்கள். போட்டுக் காட்டும்போது பெரும்பாலும் அவரே பிடித்துவிடுவார். பிடிக்கவில்லை என்றால் பதிவைப் போடுங்கள், நீங்கள் பேச வேண்டாம்.

பிள்ளைகளின் விஷயத்தில் பெற்றோரை எதிரில் வைத்துக்கொண்டு பிள்ளையிடம் பேசுங்கள். பிள்ளையை எதிரில் வைத்துக்கொண்டு பெற்றோரிடம் பேசினால், வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வண்டியில் அதற்கு அர்ச்சனை நடக்கும். பன்னிரண்டிலிருந்து பதினைந்து வயதுவரை உள்ள பையன்களிடம் கூடுதல் கவனம். குரல் உடையும் காலம் அது. கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி இறங்கும், நடுவில் கீச்சிட்டு மாறும். போன வருஷம் ஐந்து கட்டையில் பாடியவனை இந்த வருஷமும் அதிலேயே பாடவைத்துவிட்டுக் குறை சொல்வது நியாயமில்லை. கட்டையை இறக்கி, மேல் ஸ்தாயியைக் கொஞ்ச நாள் விட்டு, நேரத்தைக் குறைத்துப் பாடச் சொல்லுங்கள். நிறுத்தச் சொல்ல வேண்டாம்.

கூத்துக்கு அளவுகோல் வேறு

பாரதக் கூத்தில் புதிதாக வேஷம் கட்டுபவரைக் கச்சேரிக் காதால் கேட்கக் கூடாது. திறந்தவெளியில், இரவு தொடங்கி விடியும்வரை, கடைசியில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவர்வரை வசனம் போய்ச் சேர வேண்டிய கலை அது. தொண்டை திறந்த உச்சக் குரல் அங்கே குறை ஆகாது. பார்க்க வேண்டியவை வேறு: விருத்தத்தின் கடைசிச் சொல் தெளிவாக விழுகிறதா, பின்பாட்டுக்காரர் அதைப் பிடிக்கும்படி இடம் விடுகிறாரா, அடவு வேகமெடுக்கும்போது பாட்டு தாளத்தை விட்டு நழுவுகிறதா, நள்ளிரவுக்குள் குரலைத் தீர்த்துவிடாமல் விடியற்காலைக் காட்சிக்கு மிச்சம் வைத்திருக்கிறாரா. கருத்தைக் கூத்து வாத்தியாரிடம் கேட்டுக்கொண்டே சொல்ல வேண்டும். ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், அவரைத் தாண்டிப் பேசினால் புதியவருக்குத்தான் சங்கடம்.

குரல் கட்டிக்கொண்டவருக்குப் பயிற்சி சொல்லாதீர்கள், ஓய்வு சொல்லுங்கள். கிசுகிசுப்பாகப் பேசுவதும் தொண்டைக்கு ஓய்வாகாது. கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்புங்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது

குறையைக் குரூப்பில் போடவே கூடாது. பாராட்டை மட்டும் குரூப்பில் போடலாம். ஒரு நிமிடத்துக்குள் குரல் பதிவாக அனுப்புங்கள், எழுத்தில் சொன்னால் கோபமாகத் தெரியும். முழுப் பதிவையும் அனுப்ப வேண்டாம். நம் குரல் நமக்கு எலும்பு வழியாகவும் கேட்பதால், பதிவில் வரும் குரல் முதலில் யாருக்கும் பிடிக்காது. "இதுவா என் குரல்" என்ற அதிர்ச்சியில் உங்கள் கருத்து காணாமல் போகும். சரியாக வந்த இடம் இருபது நொடி, திருத்த வேண்டிய இடம் இருபது நொடி, வெட்டி அனுப்புங்கள்.

இரண்டாம் தடவை கேட்பது

இதைச் செய்யாமல் விடுபவர்கள்தான் அதிகம். இரண்டு வாரம் கழித்து அதே வரியை மட்டும் பாடச் சொல்லிக் கேளுங்கள். புதிய குறை எதுவும் கண்ணில் பட்டாலும் அன்றைக்கு வேண்டாம். பழைய பதிவையும் புதியதையும் அடுத்தடுத்துப் போட்டு, மாறியிருந்தால் எது மாறியது என்று சொல்லுங்கள்: "மேல் சட்ஜமம் இப்ப நிக்குது, ஏன்னா முன்வரியில மூச்சு வாங்குற." காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் அடுத்த பாட்டில் அவராகவே அந்த இடத்தைத் தேடுவார்.

மாறவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது நீங்கள் சொன்ன பயிற்சியை. மூச்சு என்று நினைத்தது கட்டையாக இருக்கலாம். சுருதிச் சோதனையை முதலிலிருந்து செய்யுங்கள். இரண்டு பயிற்சி மாற்றியும் அசையவில்லை என்றால் ஆசிரியரிடம் அனுப்பும் நேரம் வந்துவிட்டது. கிருஷ்ணகிரியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசையோடு நாதஸ்வரம், தவில், வயலின், மிருதங்கம் எல்லாம் அங்கே உண்டு. போகும்போது கையில் மூன்று விஷயம் கொடுத்து அனுப்புங்கள்: பாடும் கட்டை, சாகித்திய நோட்டு, குறித்து வைத்த அந்த இருபது நொடிப் பதிவு.